அலையே இல்லாத காலை: ஒரு குடும்பத்தின் முதல் பேடில் போர்டு பாடம்

மே மாதக் கடைசி வாரம். திருச்சியிலிருந்து இராமேசுவரம் போயிருந்தோம். கோயில், தீர்த்தம், தனுஷ்கோடி எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டன. மூன்றாம் நாள் காலையைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியிருந்தோம். யாருக்கும் அடிபடவில்லை, யாரும் முழுகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரப் பாடத்தின் கடைசிப் பகுதியில் நான் மட்டும் கரைக்கு வர முடியாமல் கடலில் மாட்டிக்கொண்டேன். அன்று இரவு விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் பதறிய நேரத்தில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. எல்லாம் அருமையாகப் போகிறது என்று நான் குளிர்ந்துபோயிருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடந்திருக்கிறது. அதனால் நேரவாரியாக எழுதி வைத்தேன்.

பேடில் போர்டு தெரியாதவர்களுக்கு: அகலமான நீண்ட பலகை. அதன் மேல் நின்றுகொண்டு, ஆளுயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஒற்றைத் துடுப்பால் வலித்துக்கொண்டு போக வேண்டும். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சப்' என்றும் சொல்வார்கள். ஹவாயின் வைக்கீக்கி கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தவர்கள் சிலர் போன நூற்றாண்டின் நடுவிலேயே இப்படித் துடுப்போடு நின்று போனார்கள். 2000-களின் தொடக்கத்தில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அதை மறுபடி கையில் எடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கட்டுமரம் ஓடிய கரையில் நின்றுகொண்டு இதைப் புது விளையாட்டு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

இடமும் ஆட்களும்

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபத்தை நோக்கி ஒல்லியாக நீளும் நிலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு அவை வடகடல், தென்கடல். தனுஷ்கோடிக்கு எங்களைக் கூட்டிப்போன வேன்காரர் பெண்கடல், ஆண்கடல் என்று சொன்னார். சாது ஒன்று, முரடு ஒன்று என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தக் குணம் நிரந்தரமில்லை, மாதத்துக்கு மாதம் மாறுவது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எடுத்தால் அப்படியே தலைகீழ்.

மே மாதத்தில் கற்றுக்கொள்ள வருபவர்களை வடகடலில் இறக்குவது இதனால்தான். அந்தக் கடல் ஆழமும் குறைவு, சராசரியாக 9 மீட்டர் அளவில்தான். கரையோரம் வெகு தூரம் நடந்து போகலாம், கீழே கடற்புல் மெத்தை. போதாக்குறைக்கு அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இஞ்சின் சத்தமும் இல்லை, டீசல் வாடையும் இல்லை. மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு மீனவ கிராமம். பனை வரிசை, அதற்கு முன்னால் வெள்ளை மணல், அதற்கு முன்னால் சுருக்கமே இல்லாத தண்ணீர். மனைவி சொன்னாள், "அலையே இல்லையே, இதுல என்ன பயம்?" நானும் அதைத்தான் நினைத்தேன். பிறகு இந்த வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், 44 வயது, காவிரியில் நீந்திப் பழகியவன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்பவன். மனைவிக்கு நீச்சல் தெரியாது. மகள் 14, ஏழு வருடமாகப் பரதம் ஆடுகிறாள். மகன் 9. அப்புறம் என் மச்சினன், 31 வயது, தினமும் ஜிம்முக்குப் போகும் உடம்பு. சொல்லிக்கொடுக்க ஒரே ஒருவர், அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பையன், இருபத்திரண்டு இருபத்திமூன்று இருக்கும். ஐந்து பேருக்கு ஒருவர், அதில் ஒரு சின்னப் பையன், ஒரு நீச்சல் தெரியாதவர். இது கூடாது என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்குத் தோன்றவில்லை.

முன்பதிவு செய்தது காலை 6.30-க்கு. முதல் நாள் இரவு லேட்டாகப் படுத்து, நிதானமாக எழுந்து, ஓட்டலில் பூரி சாப்பிட்டுவிட்டுக் கரைக்குப் போனபோது மணி 8.10. சொல்லிக்கொடுக்கும் தம்பி முகத்தில் லேசாக ஒரு தயக்கம் தெரிந்தது. பனைமரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "சரி வாங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றார். கூட்டிவந்த குடும்பத்தை, அதுவும் பணம் கட்டிவிட்டு வந்தவர்களை, "நேரமாகிவிட்டது, போய்விட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்ல அந்த வயதில் யாருக்கு வாய் வரும்? அந்தப் பனைமரப் பார்வையைத்தான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கரையில் இருபது நிமிடம்

பலகைகள் காற்றடிக்கும் வகை. சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன். கைப்பம்பால் 15 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுகிறார்கள், கார் டயரில் இருப்பதில் பாதி. உள்ளே மேல்தளத்தையும் அடித்தளத்தையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருப்பதால் பலூன் மாதிரி உப்பாமல் தட்டையாக, மரப்பலகை போல விறைப்பாக நிற்கும். காற்று குறைந்தால் நடுவில் தொய்ந்து, நிற்பவர் கால் ஆடும். கடைசி இருபது அழுத்து அழுத்த மச்சினனைத்தான் கூப்பிட்டார்கள். அன்று அவன் முழு மரியாதையோடு செய்த ஒரே வேலை அது.

துடுப்பை நிமிர்த்தி வைத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டினால் பிடி மணிக்கட்டில் வர வேண்டும், அதுதான் அளவு. துடுப்பின் இலை நேராக இருக்காது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் பின்பக்கம் பார்க்கத்தான் பிடித்தோம். கரண்டியால் அள்ளுகிற புத்தி. அப்படிப் பிடித்தால் வலித்து முடிக்கும்போது தண்ணீரை மேலே தூக்குவோம், பலகையின் வால் அமுங்கும். முன்னால் பார்க்கப் பிடித்தால் கால் பக்கம் வரும்வரை இலை ஏறக்குறைய நேராக இருந்து தண்ணீரைப் பின்னால் தள்ளும். மச்சினன் பாடம் முழுக்க இதை நான்கு தடவை மாற்றிப் பிடித்தான்.

நிற்பது எப்படி என்பதை மணலில் வைத்தே காட்டினார். பலகையின் நடுவில் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் முட்டி போட வேண்டும். துடுப்பைக் குறுக்கே வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, ஒவ்வொரு காலாக, முட்டி இருந்த இடத்துக்குப் பாதம். முட்டியை இளக்கமாக மடக்கி எழுந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தண்டவாளம் மாதிரி இணையாக. "அரைமண்டியா?" என்று மகள் கேட்டாள். முட்டி மடக்குவதில் ஆமாம், பாதம் விரிப்பதில் இல்லை. அவள் பாதம் தன்னாலே வெளிப்பக்கம் விரிந்துகொண்டே இருந்தது, அதை மறக்கத்தான் அவளுக்கு நேரமாயிற்று.

"காலைப் பாக்காதீங்க. தூரத்துல பாருங்க, கடலும் வானமும் சேர்ற எடத்த." இது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். நியாயமானதுதான். காலைப் பார்க்கும்போது தலை குனிகிறது, தலையின் எடை முன்னால் போகிறது, கண்ணுக்குக் கிடைப்பதும் ஆடிக்கொண்டிருக்கும் பலகை மட்டுமே. உடம்பு சமநிலையை உள்காதிலிருந்தும் பாதத்திலிருந்தும் கண்ணிலிருந்தும் சேர்த்துத் தெரிந்துகொள்கிறது. கண்ணுக்கு அசையாத ஒன்று வேண்டும். ஆனால் இந்த நல்ல வாக்கியமும் பின்னால் நடந்ததில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது.

உடை பற்றி ஒரு வார்த்தை. மனைவி சுடிதாரில்தான் வந்தாள். துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடச் சொன்னார்கள். நனைந்த காட்டன் கால்சட்டை கனக்கும், ஒட்டும், முட்டி மடங்காது. மறுநாள் மகளின் லெக்கிங்ஸும் என் பழைய டீ சர்ட்டும் போட்டுக்கொண்டாள். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்வது நல்லது. வடகடலின் கடற்புல்லுக்குள் யாருடைய மூக்குக்கண்ணாடியோ இன்னும் கிடக்கிறதாம்.

லைஃப் ஜாக்கெட்டில்தான் எனக்கு வருத்தம். பெரியவர்கள் அளவு மட்டுமே இருந்தது. போட்டுவிட்டு இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், காதைத் தாண்டி வந்தால் அந்த அளவு ஆகாது. மகனுக்கு மூக்குவரை வந்தது. தம்பி ஒரு கயிற்றால் இடுப்போடு இழுத்துக் கட்டினார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

தண்ணீரில்

8.40-க்கு இறங்கினோம். முழங்கால் ஆழம் வரை பலகையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பலகைக்கு அடியில் பின்பக்கம் ஒரு செதில் இருக்கிறது, நேராகப் போக வைப்பது அதுதான். ஆழம் குறைந்த இடத்தில் ஏறினால் அது மணலில் குத்தி, பலகை நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போகச் சொன்னார். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவில் விலகிவிடும், மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும். இதைக் கேட்டதும் மகன் நடக்கவே மாட்டேன் என்று மனைவியின் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டான். முன்னால் அவன் உட்கார, பலகையின் மூக்கு அமுங்கியது. மனைவி ஒரு சாண் பின்னால் நகர்ந்து முட்டி போட்டாள். சரியாகிவிட்டது.

அவள் அன்று எழுந்திருக்கவே இல்லை. முட்டி போட்டபடியே, துடுப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று எண்ணிக்கொண்டு, கரைக்கு இணையாகப் போய்வந்துகொண்டிருந்தாள். பயம்தான் காரணம். கரை கண்ணைவிட்டு மறையக் கூடாது என்று அவள் பலகையின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பவே இல்லை. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

மச்சினன் விழுந்துகொண்டே இருந்தான். மகள் பதினொன்று வரை எண்ணினாள். பெரிய தோள், அகன்ற மார்பு, எடை முழுக்க மேலே. அதைவிட, ஒவ்வொரு ஆட்டத்தையும் பலத்தால் அடக்கப் பார்த்தான். பலகை இடப்பக்கம் ஒரு அங்குலம் சாய்ந்தால் அவன் வலப்பக்கம் மூன்று அங்குலம் மிதித்தான். மகளுக்கு இரண்டே விழுகை. உயரம் குறைவு, முட்டியில் இளக்கம், அப்புறம் ஒரு விஷயத்தை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தாள். எழுந்து நின்றதும் உடனே துடுப்பைத் தண்ணீரில் போட வேண்டும். நகரும் பலகை நிற்கும் பலகையைவிட ஆடாது, சைக்கிள் கணக்கு. தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பு மூன்றாவது கால் மாதிரி. புதியவர்கள் பயத்தில் செய்வது நேர் எதிர், துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது.

விழுவதற்கும் முறை உண்டு. பலகையை விட்டு விலகி, தட்டையாக, உட்கார்வது மாதிரி. தலைகீழாகப் பாயவே கூடாது, அடியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். மறுபடி ஏறப் பலகையின் பக்கவாட்டில் நடுவுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து, காலை உதைத்து நீச்சல் போலப் படுத்த நிலைக்கு வந்து, வயிற்றால் வழுக்கி ஏற வேண்டும். நின்ற நிலையிலிருந்து எம்பினால் பலகை நம் மேல் கவிழும். மச்சினனிடம் கேளுங்கள்.

9.05 முதல் 9.45 வரை

9.05-க்கு நான் எழுந்து நின்றேன். முதல் முயற்சியிலேயே. கடலைப் பார்த்த திசையில், சொன்னபடி, தூரத்தில் வானம் தொடும் கோட்டைப் பார்த்தபடி வலித்தேன். பலகை பட்டு மாதிரி ஓடியது. ஒரு தடவை வலித்தால் நாலு தடவைக்கான தூரம். காவிரி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடற்புல் கரும்பச்சையாகக் கீழே நழுவியது, ஏதோ ஒரு வெள்ளிமீன் கூட்டம் துள்ளியது. பின்னால் மகள் சிரிப்பது பக்கத்தில் இருப்பது போலக் கேட்டது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

9.15 வாக்கில் தண்ணீரின் முகம் மாறியது. பட்டுப் போய்ச் சின்னச் சின்னச் சுருக்கம். சட்டை முதுகில் ஒட்டிப் படபடத்தது. அப்போதுதான் திரும்பினேன். கரையில் ஆட்கள் தீக்குச்சி அளவில் இருந்தார்கள். 300 மீட்டர் இருக்கலாம்.

துடுப்பை அகல வீசிப் பலகையைத் திருப்பினேன். பலகை காற்றுக்குக் குறுக்கே வந்த கணத்தில் விழுந்தேன். காலுக்குத் தரை தட்டவில்லை. கணுக்காலில் கட்டிய லீஷ் கயிறு சுண்டி இழுத்தது, பலகை அங்கேயே நின்றது. அந்தக் கயிறு இல்லாவிட்டால் அந்தப் பலகையை நான் நீந்திப் பிடித்திருக்க முடியாது. காற்றடித்த பலகைக்கு எடை கிடையாது, பட்டம் மாதிரிப் போயிருக்கும்.

ஏறினேன். நின்றேன். ஏனென்றால் நிற்பதுதானே கற்றுக்கொண்டது? முப்பது தடவை வலித்துவிட்டுப் பார்த்தால் பனைமரங்கள் அதே அளவில் இருந்தன. மறுபடி விழுந்தேன், மறுபடி நின்றேன். கத்தினேன். கரையில் மனைவி கையை ஆட்டினாள். நான் குதூகலத்தில் கத்துகிறேன் என்று நினைத்தாளாம். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. அதுவும் காற்றின் வேலைதான் என்று அப்போது புரியவில்லை.

தம்பி அந்த நேரத்தில் மகனின் ஜாக்கெட் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் அவர் போட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. "படுங்கண்ணே! நிக்காதீங்க, படுங்க!" படுத்தேன். துடுப்பை மார்புக்கு அடியில் செருகி, கையால் தண்ணீரைத் தள்ளினேன். பனைமரம் மெதுவாக, உண்மையிலேயே மெதுவாக, வளரத் தொடங்கியது. தோள் எரிந்தது. ஆனால் நகர்ந்தது.

அவர் மற்றவர்களைக் கரையேற்றிவிட்டு, கயாக் என்னும் ஒல்லியான துடுப்புப் படகில் வந்து, பலகையின் முன்வளையத்தில் கயிறு கட்டி இழுத்தார். பாதி தூரம் வந்ததும் கயாக்கிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தார். தண்ணீர் அவர் மார்புவரை. நான் பலகையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறேன்.

"தம்பி, இவ்வளவுதான் ஆழமா?"

"ஆமாண்ணே. துடுப்பக் குத்திப் பாத்திருக்கலாம்ல?"

எங்கே பிசகியது

அன்று மத்தியானம் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "கச்சான் காத்துல வடகடல் அப்படித்தான். போறதுக்கு வழி விடும், வர்றதுக்கு விடாது" என்றார். தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்தக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலை எழும்பக் காற்று தண்ணீர் மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கரையை ஒட்டிய தண்ணீரில் அதற்கு ஓட இடமே இல்லை, அதனால் சுருக்கம் விழவில்லை. மனைவி கேட்ட "அலையே இல்லையே" என்பதற்கு முழு விடை இதுதான். அலை இல்லாததற்குக் காரணமான அதே காற்றுதான் என்னைக் கொண்டுபோனதும்.

பனைவரிசை இன்னொரு திரை. மரத்தடுப்புக்குப் பின்னால், அதன் உயரத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்று தணிந்து தெரியும். கரையில் நின்றபோது எங்கள் முகத்தில் ஒன்றும் படவில்லை. காற்று இல்லாமல் இல்லை, தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தம்பி அண்ணாந்து பார்த்தது பனை மட்டை சலசலத்ததைத்தான். மட்டை சொன்னதை மணல் சொல்லவில்லை. சுருக்கம் விழுந்த இடத்தில் நான் அந்த நிழலை விட்டு வெளியே வந்திருந்தேன்.

நிற்கும் மனிதன் ஒரு பாய்மரம். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எட்டு மணிக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவில் காற்று கொஞ்சம் கூடியதை நான் "கொஞ்சம்" என்றுதான் உணர்ந்திருப்பேன், உடம்புக்கு அது கொஞ்சமாக இல்லை. முட்டி போட்டால் காற்று பிடிக்கும் பரப்பு பாதியாகிறது, படுத்தால் பலகையோடு பலகையாக ஆகிவிடுகிறோம். முதல் விழுகைக்குப் பிறகே படுத்திருந்தால் கயாக் வந்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். போகும்போது ஓடிய பட்டு ஓட்டம் என் திறமை இல்லை. அது கடன், வட்டியோடு கேட்டது.

தூரத்தைப் பார் என்ற அறிவுரைக்கும் இங்கே ஓர் எல்லை தெரிகிறது. முன்னால் பார்க்கச் சொன்னால் மட்டும் போதாது, துடுப்பை ஐம்பது தடவை வலித்தால் ஒரு தடவை திரும்பி நின்று கரையைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பாடத்தில் அது இல்லை. இதற்கு மேல் போகாதே என்ற எல்லைக் குச்சியும் இல்லை, கழுத்தில் ஒரு விசிலும் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்ற பேச்சே வரவில்லை. நடத்துபவர்கள் மேல் இவ்வளவும் சொல்வேன். ஆனால் 6.30-க்கு வந்திருந்தால் அந்தக் காற்றே இருந்திருக்காது. அந்தப் பூரி எங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும்.

லீஷ் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. கடலில் என்னைக் காப்பாற்றிய அதே கணுக்கால் கயிறு ஆற்றில் ஆளைக் கொல்லும். 2021 அக்டோபர் 30 அன்று, வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில், வெள்ளம் ஓடிய க்ளெடா ஆற்றின் தடுப்பணையில் பேடில் போர்டில் போன குழுவில் நான்கு பேர் இறந்துபோனார்கள். ஓடும் நீரில் கயிறு எதிலாவது சிக்கினால், நீரின் இழுவையில் குனிந்து கணுக்காலைத் தொடவே முடியாது. அங்கெல்லாம் இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகைதான் வேண்டும். காவிரியில் தண்ணீர் திறந்த ஆடி மாதத்தில் யாராவது ஒரு பலகையைக் கொண்டுவந்து இறக்கும் நாள் தூரமில்லை, அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஐந்து பேரில் அன்று பாடத்தைச் சரியாகக் கற்றவர் யார் என்றால் மனைவிதான். எழுந்து நின்ற நேரம் பூஜ்யம். ஆனால் நேராகப் போனாள், திரும்பினாள், பையனோடு கரைக்கு வந்தாள். நிற்கும் ஆசை எனக்கு இருந்த அளவு அவளுக்கு இல்லை.

மறுநாள்

அடுத்த நாள் இராமேசுவரத்திலிருந்து கிளம்புவதாக இருந்தது. மகன் விடவில்லை. காலை 6.10-க்கு அதே கரை, அதே தம்பி. இந்தத் தடவை வரும்போதே நான் நாலு கேள்வி கேட்டேன், அவரும் மனம்விட்டுப் பேசினார். ஐந்து பேருக்குத் தன் ஒருவனை மட்டும்தான் போடுகிறார்கள் என்றார். இன்றைக்குச் சித்தப்பா மகனையும் கூட்டி வந்திருந்தார். மகனுக்கு ஊர்ப் பள்ளிப் பிள்ளை ஒருவனின் சின்ன ஜாக்கெட் கிடைத்தது. தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம், தாடையோடு நின்றது.

தண்ணீரில் இரண்டு ஊன்றுகம்பு நட்டார்கள், கரையிலிருந்து ஐம்பது மீட்டர் தூரத்தில். அதுதான் எல்லை. வலிப்பதும் கரைக்கு இணையாக, முதலில் காற்று வரும் பக்கமாக. களைத்த பிறகு அதுவே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும். முதல் பதினைந்து நிமிடம் எல்லாரும் முட்டிதான், நானும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று ஜோடி. நான் மகளோடு. மச்சினன் துடுப்பைச் சரியாகப் பிடித்தான், மூன்று தடவைதான் விழுந்தான். மகன் நடுத்தண்ணீரில், தம்பி பலகையைப் பிடித்திருக்க, எழுந்து நின்று, "பிடிக்காதீங்க, பிடிக்காதீங்க" என்று கத்தி, அவர் விட்டதும் விழுந்து, உப்புத் தண்ணீரைத் துப்பியபடி மறுபடி ஏறினான். மனைவி எழுந்து நின்றாள். எப்போது என்று யாருமே பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தாள், உதடு நாலு வரை எண்ணிக்கொண்டிருந்தது.

கரையில் ஒரு நீளக் குச்சியை நட்டு, அதன் உச்சியில் பழைய துப்பட்டாவிலிருந்து கிழித்த ஒரு துண்டை அவளே கட்டியிருந்தாள். பனைக்கு மேலே எட்டாது, இருந்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று. ஆறரைக்கு அது குச்சியோடு ஒட்டித் தொங்கியது. ஏழேகாலுக்கும் அப்படியே. 7.40-க்குப் பனை மட்டை லேசாகச் சலசலத்தது, கொஞ்ச நேரத்தில் துணியின் நுனி கடல் பக்கமாகத் தூக்கியது. தம்பி வாயைத் திறப்பதற்கு முன்னால் மனைவியின் பலகை கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அடுத்து மகள், அப்புறம் நான். இன்னும் நேரம் இருக்கிறதே என்று மகன் அழாத குறை.

எட்டு மணிக்கு அந்தத் தம்பியின் வீட்டுத் திண்ணையில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். பாதத்தின் மேல்பக்கம் வெயிலில் சிவந்திருந்ததை அங்கே உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். துப்பட்டாத் துண்டைக் குச்சியோடு காரின் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.